நன்னீர் மீன்களின் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள்: யார் யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி வளர்ப்பவர்கள், செங்குன்றம் பக்கம் குளம் வைத்திருப்பவர்கள், விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. மருந்து எழுதித் தருவேன் என்று நினைத்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இங்கே பேச்சு பெரும்பாலும் பரிணாமச் சொந்தபந்தம் பற்றியது. ஆனால் ஒரு மருந்து ஏன் ஒரு கிருமியைக் கொல்கிறது, இன்னொன்றை ஏன் தொடுவதே இல்லை என்பதற்கு அந்தச் சொந்தபந்தம்தான் பாதி விடை.

மீன்மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. எல்லாம் ஒரே கிருமிதானே?

இல்லை. தூள் உப்பைத் தூவினாற்போல் உடம்பெல்லாம் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது இக்தியோப்தீரியஸ், கடைக்காரர்கள் வாயில் 'இக்'. மங்கலான தங்கத்தூள் போலப் படிந்திருந்தால் வெல்வெட் நோய், அதாவது பிஸினூடினியம். காயத்தின்மேல் பஞ்சுபோல் வளர்ந்தால் சாப்ரோலெக்னியா. நியான் டெட்ராவின் சிவப்பும் நீலமும் வெளுத்து, சதைக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பிளைஸ்டோஃபோரா. கட்லா, ரோகு செவுளில் அரிசிக் குருணை அளவுக்குக் கெட்டியான வெள்ளைக் கட்டி இருந்தால் மிக்ஸோபோலஸ் அல்லது அதன் வகையறா.

இந்த ஐந்தும் உயிர்களின் குடும்ப மரத்தில் ஐந்து வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. இக், பள்ளிப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்தப் பாரமீசியத்தின் உறவு. வெல்வெட் ஒரு டைனோஃபிளாஜெல்லேட், அதாவது சாட்டைபோன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களில் ஒன்று. சாப்ரோலெக்னியாவைப் பூஞ்சை என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அதன் நெருங்கிய சொந்தங்கள் பழுப்புக் கடற்பாசியும் டயாட்டம் என்ற நுண்பாசியும்தான். பிளைஸ்டோஃபோராதான் உண்மையில் பூஞ்சைப் பக்கம். மிக்ஸோபோலஸ் ஒரு விலங்கு.

கடைசி வரியைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. செவுளில் கட்டியாக உட்கார்ந்திருக்கும் மிக்ஸோபோலஸுக்கு, அதே மீனின் வாலில் பஞ்சாக வளரும் சாப்ரோலெக்னியாவைவிட அந்த மீனே நெருங்கிய சொந்தம். அந்த மீனைக் குழம்பு வைக்கிற நாமும்தான்.

மிக்ஸோபோலஸ் அடங்கிய மிக்ஸோசோவாக் கூட்டம் ஜெல்லிமீனுக்குச் சொந்தம் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். மெரினாவில் சில மாதங்களில் ஒதுங்குமே ஜெல்லிமீன், நம் மீனவர்கள் சொறி என்பார்கள், அதுவும் பவளமும் கடல் சாமந்தியும் ஹைட்ராவும் சேர்ந்தது நிடேரியா தொகுதி. மிக்ஸோசோவா அதற்குள் ஒரு கிளை. வெளியே இருந்து ஒட்டவைத்த கிளை அல்ல.

ஒரு மிக்ஸோபோலஸ் வித்து ஏறக்குறைய 10 மைக்ரான் நீளம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வாய் கிடையாது, குடல் கிடையாது, நரம்பு கிடையாது. இரண்டு ஓடுகள் சேர்ந்து மூடிய ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு முனையில் பேரிக்காய் வடிவில் இரண்டு குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு நூல். சமயம் வரும்போது நூல் உள்வெளியாகத் திரும்பிப் பாய்ந்து எதிரே இருப்பதில் ஒட்டிக்கொள்ளும். ஜெல்லிமீன் நம் காலில் பட்டதும் எரிகிறதே, அந்தக் கொட்டும் செல்லின் அமைப்பும் இதேதான். பிரெஞ்சு விலங்கியலாளர் வெய்ல் 1938-லேயே இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். கொட்டும் குப்பியின் சுவரைக் கட்டுகிற மினிகொலாஜன் என்ற புரதம் நிடேரியாவுக்கே உரியது. அதற்கான மரபணு ஒரு மிக்ஸோசோவாவிடமும் இருப்பதாக 2011-ல் ஆய்வு வெளிவந்தது. எனக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அப்படியானால் இதைக் கண்டுகொள்ள ஏன் இத்தனை காலம் ஆனது?

கதை நீளம். ஜெனீவா ஏரி மீன்களைப் பற்றி ஜூரின் எழுதி 1825-ல் வெளிவந்த நூலில் முதன்முதலாக இந்தக் கட்டிகளைப் பற்றிய குறிப்பு வருகிறது. 1841-ல் ஜெர்மானிய உடலியங்கியலாளர் யோஹான்னஸ் மியூல்லர் உள்ளே இருந்த வித்துகளைப் பார்த்து வரைந்தார். அதற்குப்பின் நூறாண்டுக்கும் மேலாக இவற்றை ஒற்றைச் செல் உயிர்களோடு, புரோட்டோசோவா என்ற பெரிய மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். பிராகில் இருந்த ஷ்டோல்ட்ஸ் என்பவர் 1899-லேயே 'இவை பல செல் உயிர்கள்' என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

1994-ல் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான 18எஸ் மரபணுவைப் படித்துப் பார்த்து, இவை விலங்குகள்தான் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஸயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் போட்ட மரத்தில் மிக்ஸோசோவா, இடது வலது என இரண்டு பக்கம் உள்ள விலங்குகளின் கூட்டத்தில், உருளைப்புழுக்களுக்கு அருகே வந்து விழுந்தது. மறு ஆண்டே சிடாலும் கூட்டாளிகளும் 'இல்லை, நிடேரியா' என்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது.

இழுபறிக்குக் காரணம் ஒட்டுண்ணியின் அவசரம். மிக்ஸோசோவாவின் மரபணுக்கள் மிக வேகமாக மாறியவை. இப்படி வேகமாக மாறிய இரண்டு வம்சங்களை ஒரே மரத்தில் வைத்தால், தற்செயலாக ஒரே இடத்தில் ஒரே டிஎன்ஏ எழுத்துக்கு மாறியிருப்பவை நிறையக் கிடைக்கும். கணினி அதை உறவு என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிடும். நீள்கிளை ஈர்ப்பு என்று இதற்குப் பெயர். ஒரே ஒரு மரபணுவை வைத்து மரம் போட்டால் இந்தப் பொறியில் விழுவது சுலபம்.

நடுவே ஒரு புழு வந்து குழப்பத்தைக் கூட்டியது. நன்னீரில் பாறையிலும் குச்சியிலும் படர்ந்து வாழும் பிரையோசோவா என்ற உயிரிகளுக்குள்ளே நெளியும் புட்டென்பிராக்கியா என்ற சின்னப் புழு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்ததுதான். ஆனால் என்ன இனம் என்று யாருக்கும் புரியவில்லை. 2002-ல் அது மிக்ஸோசோவா என்று உறுதியானதும், 'பார்த்தீர்களா, புழுதான்' என்று ஒரு கட்சி கொண்டாடியது. 2007-ல் பல மரபணுக்களைச் சேர்த்துப் படித்ததில் அந்தப் புழுவே நிடேரியா என்று வந்துவிட்டது. அதன் உடம்பை வெட்டிப் பார்த்தால் நான்கு தசைக்கட்டுகள் நாற்புறமும் சமமாக இருக்கின்றன. முன் பின், இடம் வலம் என்ற கணக்கு அங்கே இல்லை. புழுப்போல் நெளிவதால் மட்டும் புழு ஆகிவிடாது.

2015-ல் முழு மரபணுத் தொகுப்பு வந்தபிறகு சண்டை ஓய்ந்தது. மிக்ஸோசோவாவுக்கு மிக நெருங்கிய உறவு பாலிபோடியம் என்ற ஒரு விசித்திரம். ஸ்டர்ஜன் மீனின் முட்டைக்குள் உள்வெளியாகத் திரும்பி வளர்ந்து, மீன் முட்டையிடும்போது தன்னை நேராகத் திருப்பிக்கொண்டு வெளியே வந்து, கை நீட்டித் தனியாக வாழும் உயிர் அது. அதைப் பார்த்தால் நிடேரியா என்று குழந்தைகூடச் சொல்லும். இரண்டும் சேர்ந்து ஜெல்லிமீன், ஹைட்ரா உள்ள கிளைக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

இவ்வளவு எளிமையான உடம்பு என்றால், அது ஆதி உயிர்தானே?

நேர் எதிர். இருந்ததையெல்லாம் விற்றுத் தீர்த்தவன் அவன். 2015-ல் படித்த குடோவா இவடாய் என்ற கடல்மீன் ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுப்பு வெறும் 2.25 கோடி எழுத்துகள். நமக்கு 300 கோடி. பாலிபோடியத்துக்கே 56 கோடி இருக்கிறது. எல்லாம் கையில் இருந்து, பிறகு வேண்டாம் என்று விட்டதுதான். மீன் சாப்பிடுகிறது, மீன் நீந்துகிறது, மீன் மூச்சு விடுகிறது. உள்ளே இருப்பவனுக்கு வாயும் தசையும் எதற்கு?

மூச்சு விஷயத்தில் ஒருவன் எல்லையையே தாண்டிவிட்டான். பசிபிக் சால்மன் மீனின் சதையில் வாழும் ஹென்னகுயா சால்மினிகோலாவுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவே இல்லை என்று 2020-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டொரொதே ஹியூஷோன் குழு காட்டியது. ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கிற வழியைக் கைவிட்ட விலங்கு என்று நமக்குத் தெரிந்த முதல் உயிர் அது. அதே சால்மனில் வாழும் மிக்ஸோபோலஸ் ஸ்குவாமாலிஸ் என்ற பங்காளிக்கு அந்த டிஎன்ஏ பத்திரமாக இருக்கிறது. ஆகவே இழப்பு அண்மையில், அந்த ஒரு வம்சத்தில் நடந்திருக்கிறது.

மீனுக்கு மீன் ஒட்டுமா? ஒரு கட்லாவுக்கு இருந்தால் குளம் முழுக்கப் பரவுமா?

நன்னீர் மிக்ஸோசோவாவில், தெரிந்தவரை, நேராக ஒட்டாது. நடுவில் ஒரு புழு வேண்டும்.

இதை உறுதிப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் உல்ஃபும் மார்க்கிவும், 1984-ல். டிரவுட் குஞ்சுகள் தன் வாலைத் தானே துரத்துவதுபோல் சுழன்று சுழன்று சாகும் நோய் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹோஃபர் நூறாண்டுக்கும் முன்பே விவரித்தது, மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. நோயுள்ள மீனின் வித்துகளை நல்ல மீனுக்குக் கொடுத்தால் எத்தனை முயன்றாலும் நோய் வராது. சேறுள்ள குளத்தில் விட்டால் மட்டும் வரும். சேற்றில் இருந்தது டியூபிஃபெக்ஸ் புழு. மீன் செத்து மக்கும்போது வித்துகள் சேற்றில் இறங்குகின்றன, புழு சேற்றோடு அவற்றை விழுங்குகிறது. புழுவின் குடலில் சுமார் மூன்று மாதம் வளர்ந்து, அடையாளமே தெரியாத இன்னொரு உருவத்தில் தண்ணீருக்கு வருகிறது. மூன்று நீண்ட கைகள் கொண்ட நங்கூரம், பழைய வித்தைவிடப் பல மடங்கு பெரியது, தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மீன் தோலில் பட்டதும் நூல்கள் பாய்ந்து பிடித்துக்கொள்ள, உள்ளே இருக்கும் செல்கள் தோல் வழியாக நுழைந்து நரம்பு வழியாகக் குருத்தெலும்புக்குப் போய்ச் சேர்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், புழுவில் இருக்கும் அந்த நங்கூர உருவத்துக்கு அறிவியல் ஏற்கெனவே தனிப்பெயரும் தனி வகுப்பும் கொடுத்து வைத்திருந்தது. ஒரே உயிரின் இரண்டு பருவங்கள், ஏடுகளில் இரண்டு வகுப்புகளாக, ஒன்றையொன்று தெரியாமல் பல பத்தாண்டுகள் இருந்திருக்கின்றன. பிறகு அந்த இரண்டாவது வகுப்பையே கலைத்துவிட்டார்கள்.

சுழல் நோய் சால்மன், டிரவுட் குடும்பத்துக்கு மட்டும். கட்லா, ரோகு வைத்திருப்பவர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கெண்டை மீன்களின் மிக்ஸோபோலஸ்களிலும், வாழ்க்கைச் சுற்று தெரிந்தவற்றில், இதே புழு வழிதான்.

அப்போது கொளத்தூரில் விற்கும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் போடக்கூடாதா?

நான் போடமாட்டேன். எல்லாப் புழுவிலும் ஒட்டுண்ணி இருக்கும் என்பதல்ல. ஆனால் சாக்கடை கலந்த கால்வாய்ச் சேற்றிலிருந்து அள்ளி வருகிற புழு அது. அந்த நீரில் எந்த மீன் வாழ்ந்தது, எதனால் செத்தது என்று விற்பவருக்கும் தெரியாது. மிக்ஸோசோவாவை விட்டாலும் பாக்டீரியாத் தொல்லை வேறு. இரண்டு நாள் ஓடும் நீரில் அலசினால் போதும் என்பார்கள். அலசினால் புழுவின் மேலிருக்கும் அழுக்கு போகும், குடல் சுவரில் வளர்கிறவன் போகமாட்டான். உறையவைத்ததும் உலரவைத்ததும் பரவாயில்லை, ஏனென்றால் புழுவிலிருந்து வரும் அந்த நங்கூரப் பருவம் மென்மையானது, உறைந்தாலும் காய்ந்தாலும் பிழைக்காது. குஞ்சு வளர்ப்பவர்கள் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைப் பொரித்துப் போடுவது இன்னும் நிம்மதி.

மிக்ஸோபோலஸ், ஹென்னகுயா, தெலோஹானெல்லஸ் என்று பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தப் பெயர்கள் உறவைக் காட்டுகின்றனவா?

அடையாளம் சொல்ல உதவும், உறவு சொல்ல உதவாது. வித்தில் இரண்டு குப்பி, வால் இல்லை என்றால் மிக்ஸோபோலஸ். இரண்டு குப்பி, பின்னால் இரட்டை வால் என்றால் ஹென்னகுயா. ஒரே குப்பி என்றால் தெலோஹானெல்லஸ். நுண்ணோக்கியில் பார்க்க வசதியான கணக்கு. ஒரே யூனிஃபார்ம் போட்டிருப்பதால் இரண்டு பிள்ளைகள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? டிஎன்ஏவைப் படித்தால் ஹென்னகுயாக்கள் மிக்ஸோபோலஸ்களின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. தெலோஹானெல்லஸும் அப்படியே. வால் பலமுறை முளைத்திருக்கிறது, பலமுறை உதிர்ந்திருக்கிறது. குப்பி இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்ததும் ஒரே ஒருமுறை நடந்ததல்ல.

மிக்ஸோசோவாவில் பெயர் சூட்டிய இனங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், அதில் பெரிய பங்கு மிக்ஸோபோலஸ் என்ற ஒரே பேரினத்தில் குவிந்திருக்கிறது. இந்திய நன்னீர் மீன்களிலிருந்தும் ஏராளமாக விவரித்திருக்கிறார்கள். பழைய விவரணைகள் பலவற்றில் வித்தின் நீள அகலமும் கோட்டோவியமும் மட்டுமே உண்டு, டிஎன்ஏ கிடையாது. அவற்றில் எத்தனை உண்மையில் ஒரே இனம், எத்தனை ஒரே பெயருக்குள் ஒளிந்த பல இனங்கள் என்று பிரிக்கிற வேலை நம் நாட்டில் பெரும்பாலும் பாக்கி. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்வது: புது இனம் தேடி மலைக்குப் போக வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு ஆந்திராவிலிருந்து வந்து இறங்கும் கட்லாவின் செவுளே போதும்.

சரி, உருவம் உறவைச் சொல்லாது என்றால், எதுதான் சொல்லும்?

மூன்று விஷயங்கள்: எந்தப் புழு, எந்த மீன், மீனின் எந்த உறுப்பு.

மிக்ஸோசோவாவுக்குள் மிக்ஸோஸ்போரியா என்ற பெரிய வகுப்பை எடுத்துக்கொண்டால், ஸ்ஃபெரோஸ்போரா கூட்டத்தை ஒதுக்கி வைத்தபின் இரண்டு பெரிய கிளைகள் தெரிகின்றன. ஒன்றை நன்னீர்க் கிளை என்றும் மற்றதைக் கடல் கிளை என்றும் முதலில் அழைத்தார்கள். பிறகு வட அமெரிக்க ஆறுகளில் சால்மனின் குடலைத் தாக்கும் செரட்டோனோவா ஷாஸ்டா தகராறு செய்தது. வாழ்வது நன்னீரில், மரத்தில் நிற்பது கடல் கிளையில். நடுவில் அதற்கு இடம் கொடுக்கும் புழு எது என்று பார்த்தால் விளங்கிவிட்டது: மனயுங்கியா என்ற பாலிகீட் புழு, கடல்புழுக் கூட்டத்திலிருந்து ஆற்றுக்கு வந்தது. நன்னீர்க் கிளையில் இருப்பவர்கள் டியூபிஃபெக்ஸ் போன்ற ஒலிகோகீட்களைப் பிடித்தவர்கள், கடல் கிளைக்காரர்கள் பாலிகீட்களைப் பிடித்தவர்கள். தண்ணீரின் உப்பைவிடப் புழுவின் குலம்தான் மரத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இதிலிருந்து செக் நாட்டின் செஸ்கே புடெயோவிட்சே ஒட்டுண்ணியியல் நிறுவனத்தின் ஹோல்ட்ஸர் குழு 2018-ல் ஒரு வாதத்தை முன்வைத்தது. முதலில் பிடித்தது முதுகெலும்பில்லாத உயிர்களைத்தான், மீன் பின்னால் சேர்ந்த வீடு என்று. எனக்கு அது சரி என்றே படுகிறது. மீனைப் பிடித்ததும் கிடைத்த லாபம் பெரிது: மீன் நீந்தும், வலசை போகும், பல ஆண்டு வாழும், செத்தால் கோடிக்கணக்கில் வித்து இறங்கும். இனங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

கிளை நுனிகளுக்கு வரும்போது மீனின் குடும்பம் தெரிகிறது. கெண்டைக் குடும்பத்தின் மிக்ஸோபோலஸ்கள் பெரும்பாலும் சேர்ந்து நிற்கும், கெளுத்தி வகையறாவின் ஹென்னகுயாக்கள் தனியாகச் சேரும். இன்னும் நெருங்கிப் பார்த்தால் உறுப்பு முக்கியமாகிவிடுகிறது. ஒரு மீனின் செவுளில் இருப்பவன், அதே மீனின் சதையில் இருப்பவனைவிட, வேறொரு கெண்டையின் செவுளில் இருப்பவனுக்கு நெருக்கமாக இருப்பது அபூர்வம் அல்ல.

நன்னீர் வெள்ளைப்புள்ளியும் கடல்தொட்டி வெள்ளைப்புள்ளியும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று, பழகவும் ஒன்று. மீன் தோலுக்கு அடியில் புகுந்து பெருத்து, கீழே விழுந்து உறை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மறுபடி நீந்தி வந்து மீனைத் தேடும். ஆனால் நன்னீர் இக்கும் கடல் கிரிப்டோகாரியானும் மயிரிழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களான சிலியேட்டுகளுக்குள்ளேயே வெவ்வேறு வகுப்பு. இக், பாரமீசியத்தோடு ஒரு வகுப்பில். கிரிப்டோகாரியான் மரத்தில் எங்கோ தள்ளி. இரண்டும் தனித்தனியாக இதே பிழைப்புக்கு வந்திருக்கின்றன. நுண்ணோக்கியில் இக்கின் உட்கரு குதிரை லாடம்போல வளைந்திருக்கும், கிரிப்டோகாரியானுக்கு நான்கு மணிகள் கோத்ததுபோல் இருக்கும்.

இறால் பண்ணைக்காரர்கள் சொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இக்குக்கு மருந்து போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தோலுக்கு அடியில் இருப்பவனை மருந்து தொடாது, நீந்துகிற பருவத்தைத்தான் கொல்லும். நம் சென்னைச் சூட்டில் சுற்று சில நாள்களிலேயே முடியும். புள்ளி மறைந்தது என்று முதல் நாளே நிறுத்தினால் அடுத்த படை வந்து நிற்கும்.

வெல்வெட் நோய் மலேரியாவுக்குச் சொந்தம் என்று ஒருவர் சொன்னார். கதையா?

கதை இல்லை. டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் மலேரியாக் கிருமி அடங்கிய ஏபிகாம்ப்ளெக்ஸாவும் பங்காளிகள், சிலியேட்டுகள் அவர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. மூன்றுக்கும் செல் சவ்வுக்கு அடியில் தட்டையான பைகள் உண்டு, அதை வைத்தே ஆல்வியோலேட்டா என்று பெயர். வெல்வெட்காரனிடம் பச்சையம் இன்னும் இருக்கிறது. மலேரியாக் கிருமியிடம் ஒளிச்சேர்க்கை செய்யத் தெரியாத ஒரு பாசி உறுப்பின் மிச்சம் இருக்கிறது. இரண்டுமே பாசி வழியில் வந்து ஒட்டுண்ணி ஆனவை. அதற்காக மீன்தொட்டியால் மலேரியா வராது.

மைக்ரோஸ்போரிடியாவும் மிக்ஸோஸ்போரிடியாவும் பெயரிலேயே குழப்புகின்றனவே?

மைக்ரோஸ்போரிடியா என்பது பிளைஸ்டோஃபோராவின் குலம், மிக்ஸோஸ்போரிடியா என்பது மிக்ஸோசோவாவின் பழைய பெயர். ஒரு காலத்தில் அறிவியலே இரண்டையும் ஒரே கூட்டத்தில்தான் வைத்திருந்தது. இரண்டிலும் வித்து, இரண்டிலும் சுருட்டிய நூல். இப்போது ஒன்று பூஞ்சைக்குப் பக்கத்தில், மற்றது ஜெல்லிமீனுக்குப் பக்கத்தில். நூலின் வேலையும் வேறு: மிக்ஸோசோவாவின் நூல் பிடித்துக்கொள்ள மட்டும். மைக்ரோஸ்போரிடியாவின் நூல் உள்ளே ஓட்டையுள்ள குழல், மீனின் செல்லைக் குத்தி, அந்தக் குழல் வழியாகவே ஒட்டுண்ணியின் உடல் உள்ளே பாய்ந்துவிடும். ஊசி போடுவது போலவே.

நியான் டெட்ரா நோயைத் தவிர, இறால் பண்ணைகளை வாட்டும் ஈஎச்பி, ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அஞ்சும் பெப்ரின், எல்லாம் இந்தக் குலம்.

கட்டி இருந்த மீனைச் சாப்பிடலாமா?

நன்கு வேகவைத்தால் நன்னீர் மிக்ஸோசோவாவால் நமக்கு ஒன்றும் ஆகாது. கட்டி உள்ள பகுதியை வெட்டி எறியுங்கள், பார்க்கவே பிடிக்காது. ஜப்பானில் பச்சையாகச் சாப்பிட்ட தட்டைமீனில் இருந்த குடோவா செப்டெம்பங்டாட்டா வயிற்றுப்போக்கு உண்டாக்கியது உண்மை. அது கடல்மீன், பச்சை மீன். நம் குழம்புச் சட்டியில் அந்தப் பேச்சே இல்லை.

இவர்களில் மனிதரைப் பிடிக்கிற சொந்தக்காரர் யாராவது?

ஒருவர் இருக்கிறார், அதுவும் நம் மாநிலத்தில் நன்றாகவே தெரிந்தவர். தென்மாவட்டங்களில் ஊருணி, கண்மாயில் குளிக்கிறவர்கள் சிலருக்கு மூக்கினுள் சிவந்த சதை வளரும், தொட்டால் ரத்தம் வரும். ரைனோஸ்போரிடியோசிஸ். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அறுவை செய்து எடுப்பார்கள். நூறு ஆண்டாக அதைப் பூஞ்சை என்றும் புரோட்டோசோவா என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். 1999-ல் 18எஸ் மரபணுவைப் படித்ததும், அது மீன் ஒட்டுண்ணிகளான டெர்மோசிஸ்டிடியம், ரோசெட் கிருமி ஆகியவற்றின் நெருங்கிய உறவு என்று வந்தது. இந்தக் கூட்டம் விலங்குகளும் பூஞ்சைகளும் பிரிந்த கிளைமுனைக்கு அருகே, விலங்குப் பக்கமாக நிற்கிறது. மீனைத் தொட்டதால் மனிதருக்கு வருகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே நீரில் பிழைத்த ஒரு குலம், அவ்வளவுதான்.

மருந்து?

குலத்துக்கு ஒரு பதில். இக், வெல்வெட் போன்று மேலே ஒட்டுகிறவர்களுக்கு உப்பு, வெப்பம், தாமிரம் என்று வழிகள் உண்டு. மிக்ஸோசோவாவுக்கு நம்பிப் போடும்படியான மருந்து இல்லை. அது விலங்கு, மீனும் விலங்கு, உள்ளே சதைக்குள் இருப்பவனைக் கொல்ல முனைந்தால் மீனுக்கும் அடி விழும். குளக்காரர்கள் அறுவடைக்குப் பின் குளத்தைக் காயவிட்டு, சேற்றை வாரி, சுண்ணாம்பு போடுவது பழைய வழக்கம். அது புழுவின் வீட்டைக் கலைக்கிறது, மீனில் இருப்பவனுக்கு அடுத்த வண்டி கிடைக்காமல் போகிறது. உண்ணும் மீனுக்கு மாலகைட் கிரீன் என்ற சாயமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

நானே பார்க்க முடியுமா?

கல்லூரி நுண்ணோக்கியே போதும். செவுள் இழையில் இருக்கும் வெள்ளைக் கட்டி ஒன்றை ஊசியால் எடுத்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே மூடுவில்லை போட்டு மெல்ல அழுத்துங்கள். பால்போல ஒரு கலங்கல் பரவும், அது முழுக்க வித்துதான். 400 மடங்கில் முட்டை வடிவ ஓடுகளும் அவற்றின் முனையில் பளபளக்கும் பேரிக்காய்க் குப்பிகளும் தெரியும். லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டால் பல மிக்ஸோபோலஸ்களின் உள்ளே ஒரு குமிழி பழுப்பாக நிறமேறும். அப்புறம் மூடுவில்லையின் ஓரத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டுப் பொறுமையாகக் கண்ணை எடுக்காமல் இருங்கள். சில வித்துகள் நூலைக் கக்கும், நேரே நீண்டு, கடைசியில் சற்று அலைபாயும். கொட்டும் செல் வேலை செய்வதைச் சென்னையில் உட்கார்ந்தபடி, தோல் எரியாமல் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இனம் கண்டறிய மாதவரத்திலுள்ள மீன்வள நிலையத்துக்கோ வேறு ஆய்வகத்துக்கோ கொடுக்க நினைத்தால், செவுளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி ஃபார்மலினில், திசு வெட்டிப் பார்க்க. மறுபாதி 95 சதவீத எத்தனாலில், டிஎன்ஏவுக்கு. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், அதில் மட்டும் போட்டால் மரம் வரைய ஒன்றும் மிஞ்சாது. பாட்டிலுக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள்: மீனின் பெயர், எந்தக் குளம் அல்லது எந்தச் சந்தை, தேதி, கட்டி இருந்த உறுப்பு. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.